எக்ஸ் போட்ட படங்கள்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வழக்கம்போல ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பழைய வீட்டின் மாடி, அவ்வளவுதான். கீழே அத்தான் குடியிருந்தார், மேலே வேலை. படத்தின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தது. வெளியே வெயில் கொளுத்தினாலும் அங்கே இருட்டுதான். ரொம்ப நாள் திறக்காத அலமாரியின் வாசனை வரும். மூன்று வருஷத்தில் அதுவும் பழகிவிட்டது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். விற்பனைக்கும் வாடகைக்கும் வருகிற வீடுகளைப் படமெடுப்பது அவர் தொழில். ஒரு வீட்டுக்கு முந்நூறு படம் எடுத்துத் தள்ளுவார். அத்தனையையும் சின்னச் சின்னக் கட்டங்களாகத் திரையில் விரித்து, நல்லதற்கு ஸ்டாரும் கெட்டதற்கு எக்ஸும் போட்டு, தேறுகிற இருபதை மட்டும் நான் பிரித்துக் கொடுப்பேன். அவர் அவற்றை எடிட்டிங்கில் திறந்து மெருகேற்றிப் பெயரைத் தட்டிக்கொண்டு போவார். பிரிக்கிற வேலை அவருக்கு ஆகவே ஆகாது. வாழ்நாளில் ஒரு நாள்கூட உட்கார்ந்து செய்ததில்லை.

எனக்கு முன்னால் அதைச் செய்தவள் அக்கா. அவளுடைய மேஜை என் மேஜைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் கம்ப்யூட்டர் போய்விட்டது. கீபோர்டு மட்டும், வயர் எதிலும் சொருகாமல், மேஜைமேல் கிடந்தது.

அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அத்தானை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு மாடி அறையில் போய்த் தனியாக இருந்தாள். முகவரி எனக்கு மட்டும்தான் தெரியும்.

"உயிரே போனாலும் அவர்கிட்ட சொல்லிடாத, வாலு" என்றாள். என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன்.

நாலாம் நாள் அத்தான் வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கு மனசு இளகிவிட்டது. சேர்த்துவைக்கிற பெரிய மனுஷி என்று நினைப்பு. சொல்லிவிட்டேன்.

மறுநாள் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி வந்தார். அதில் ஒரு காலி அறையின் படங்களைக் காட்டினார். "நான் போறதுக்குள்ள காலி பண்ணிட்டுப் போயிட்டாம்மா. நீ சொன்னது எப்படியோ தெரிஞ்சிருக்கு. உன்மேலயும் கோவமா இருக்கும்" என்றார்.

அப்புறம் அக்காவிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. போலீஸிலும் அவளாகத்தான் போயிருப்பாள் என்று கைவிரித்துவிட்டார்கள். மூன்று வருஷம் அவளை வெறுத்தேன். ஒரு தப்புக்காகத் தங்கையை அடியோடு வெட்டிவிட்டுப் போனவள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கரித்துக்கொட்டினேன். அத்தானைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. அவர் கூப்பிட்டதும் அக்கா விட்டுப்போன வேலையில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அன்றைக்கு அத்தான் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கைக் கையில் கொடுத்தார். "பழைய படத்துல நல்லதா ஒரு நூறு எடுத்து வை. புத்தகமாப் போடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார்.

எனக்கு ஒரு பழக்கம். ஃபோல்டர் பெயரையும் படத்தின் பெயரையும் நம்ப மாட்டேன். யார் வேண்டுமானாலும் மாற்றிவைக்கலாம். எல்லா ஃபோல்டரையும் ஒன்றாகக் கொட்டி, எடுத்த நேரப்படி வரிசைப்படுத்துவேன். படத்துக்குள் பதிந்திருக்கிற நேரம் அவ்வளவு சுலபமாக மாறாது. அப்படித்தான் அன்றும் வரிசைப்படுத்தினேன். கூடங்கள், சமையலறைகள், படிக்கட்டுகள் என்று ஓடிக்கொண்டே இருந்தன.

நடுவில் பதினொரு படங்கள் வந்தன. ஒரு காலி அறை, ஒரு இரும்புக் கட்டில், விரிசல் விட்ட ஜன்னல்.

பார்த்ததும் அக்கா இருந்த அறை என்று தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போனவ போனவளாவே இரு" என்று வாய்விட்டுச் சொல்லி, பதினொன்றுக்கும் எக்ஸ் போட்டேன். எக்ஸ் போட்ட படம் அழிந்துவிடாது. கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். ஒளிந்ததும் அடுத்த வரிசைக்குப் போனேன்.

டக்.

பக்கத்து மேஜையிலிருந்து சத்தம் வந்தது. கீபோர்டில் யாரோ ஒரு விசையை அழுத்துகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலி காலி. வயர் தொங்கிக்கொண்டிருந்தது.

திரையைப் பார்த்தேன். பதினொரு படங்களும் திரும்பி வந்திருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஐந்து ஸ்டார்.

கை தவறி அழுத்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடியும் எக்ஸ் போட்டேன்.

டக். டக். டக். டக். டக்.

ஐந்து ஸ்டார்.

எனக்கு வியர்த்தது. பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் கை மடியில் இருக்கும்போதே திரையில் அம்பு மெல்ல நகர்ந்தது. மேலே போயிற்று. 'எக்ஸ் போட்டவற்றைக் காட்டு' என்ற கட்டத்தில் நின்றது.

டக்.

அந்தப் பதினொன்றுக்கு முன்னால் பத்தொன்பது படங்கள் மங்கலாக எழும்பி வந்தன. அதே நாள், அதே காலை. நான் போட்ட எக்ஸ் இல்லை அவை. அத்தான் போட்டவை. பிரிக்கிற வேலை தெரியாத மனுஷன் எக்ஸ் போட்டதும் படம் கண்ணை விட்டு மறைந்ததைப் பார்த்து, அழிந்துவிட்டது என்று நம்பியிருக்கிறார்.

முதலில் ஒரு படிக்கட்டு. அப்புறம் பாதி திறந்த கதவு. அதற்கப்புறம் எல்லாமே கோணல்: தரை, திரைச்சீலை, கட்டிலின் கால். கழுத்தில் தொங்கிய கேமராவில் இழுபறியில் கை பட்டுப் பட்டுத் தானாக விழுந்த படங்கள். ஒன்றில் லென்ஸைத் தள்ளுகிற ஒரு கை. அடுத்ததில் அக்காவின் முகம், வாய் திறந்தபடி.

கடைசிப் படத்தில் தரையும் அவள் தலைமுடியும்தான் இருந்தன.

எடுத்த நேரம் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து பதினாலு வரை. இரண்டே நிமிஷம். காலி அறையின் படங்கள் பதினொன்று நாற்பதுக்கு எடுத்தவை.

அக்கா என்னை விட்டு எங்கேயும் போகவில்லை. நான் காட்டிய வழியில் அவர் போய் அவளை முடித்துவிட்டு, அறையைத் துடைத்து, அதைப் படமெடுத்து என்னிடமே காட்டியிருக்கிறார். நானும் அவருக்காக இரக்கப்பட்டு, அவர் கையால் மூன்று வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. சட்டென்று திரையை அணைத்தேன்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"இன்னும் இல்ல அத்தான்."

"ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"தலைவலி."

டக்.

அத்தான் அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை அக்காவின் மேஜைக்குப் போயிற்று. முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்தக் கீபோர்டை நேத்தே உடைச்சுக் குப்பையில போட்டேனே" என்று முணுமுணுத்தார். "யார் எடுத்துட்டு வந்து வச்சது?"

அவர் கேட்டது என்னை இல்லை.

டக். டக்.

"நிறுத்துடி" என்றார், காலி நாற்காலியைப் பார்த்து. கெஞ்சுகிற குரல். "போதும், நிறுத்துடி."

ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கி முந்தானையில் மறைத்துக்கொண்டு, "மாத்திரை வாங்கிட்டு வரேன்" என்று இறங்கினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருவுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நேரே போலீஸில் போய் டிஸ்கைக் கொடுத்தேன். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அவர் படமெடுத்து, விலைபோகாமல் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கொல்லையில் அக்காவைத் தோண்டி எடுத்தார்கள். "நீ இல்லேன்னா இது வெளியவே வந்திருக்காது" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் என் சொந்த லேப்டாப்பைத் திறந்தேன். பழைய படங்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. என் படங்களைக் காணவில்லை; ஒளிந்தவற்றையும் காட்டச் சொன்னால், நான் இருக்கிற ஒவ்வொரு படத்திலும் எக்ஸ் விழுந்திருந்தது. பள்ளிக்கூடப் படம், பாஸ்போர்ட் படம், எதுவும் பாக்கி இல்லை. எடுத்துவிட்டுப் பார்த்தேன். திரும்பவும் விழுந்தது.

ஒன்றை மட்டும் அக்கா விட்டுவைத்திருந்தாள். எனக்கு ஆறு வயசு, அவளுக்குப் பத்து. அவள் முதுகில் நான் உப்புமூட்டை ஏறியிருக்கிற படம். தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் பார்ப்பேன். அதில் எக்ஸ் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. என்றைக்காவது மன்னித்துவிடுவாள் என்று இருந்தேன்.

நேற்றுக் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். "உங்க அக்கா இருந்த இடம் அவருக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று வக்கீல் கேட்டார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை.

"தெரியாது" என்றேன்.

இன்று காலை அந்தப் படத்தைத் திறந்தேன். எக்ஸ் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

என் கை இரண்டும் மடியில்தான் இருந்தன.

டக்.