கடைசி ஆள்

மேஜை முழுக்க வழிகள் விரிந்து கிடந்தன. கிழிசல் விழுந்த காகித வரைபடம், அதன்மேல் ஜிபிஎஸ் கருவி, எங்கள் இருவரின் போன்கள், ஆறிப்போன வெண்ணெய்த் தேநீர். சுற்றுலா சீசன் தொடங்கும் முன் சாங்தாங் மேட்டுநிலப் பாதையை நானும் ரிக்ஸினும் பைக்கில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும். அறுவடை முடிந்ததும் எங்களுக்குத் திருமணம்.

"காகிதத்தை லேயிலயே வச்சுட்டு வா தோல்கர். போன்ல ஏரிக்கரை வழி காட்டுது பாரு. அதுல போனா கல்குவியல் பிரிவுக்கே போக வேணாம். கொஞ்சம் சேறு, அவ்வளவுதான். முதல் கியர்ல உருட்டினா வந்துடலாம்."

"நீ எப்போ அந்த வழியில போன?"

ரிக்ஸின் கோப்பையைக் கீழே வைத்தான். "யாரோ சொன்னாங்க."

யாரோ சொன்னதை நம்பி ஒரு போல்ட்டைக்கூட முடுக்காதவன் ரிக்ஸின். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காதலுக்குக் கண் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்?

பாதை இரண்டாகப் பிரியும் அந்தக் கல்குவியல் பக்கம்தான் போன வருடம் பனி தொடங்கும் நேரத்தில் என் அண்ணன் குர்மெத் காணாமல் போனான்.

கூட்டமாக வண்டி ஓட்டும்போது எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பாதை பிரியும் இடத்தில் ஒருவன் இறங்கி, சரியான பக்கம் கை நீட்டி நிற்க வேண்டும். வானமே இடிந்து விழுந்தாலும், கடைசி ஆள் தன்னைத் தாண்டிப் போகும்வரை நகரக் கூடாது. அன்று நின்றவன் அண்ணன். கடைசி ஆள் ரிக்ஸின்.

"நான் வந்தப்ப அங்க யாருமே இல்ல" என்றான் ரிக்ஸின். மறுநாளே பனி பாதையை மூடிவிட்டது. முதலாளியின் புது வண்டியோடு அண்ணன் ஓடிவிட்டான், எங்கோ விற்றுத் தின்கிறான் என்று ஊர் பேசியது. அம்மா கோம்பா மடாலயத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். பாதை இப்போதுதான் திறந்திருக்கிறது.

காகிதத்தை டேங்க் பையில் செருகினேன். "பிரிவு வழியாத்தான் போறோம். நான் முன்னாடி. நீ கடைசி ஆள்."

"உத்தரவு மகாராணி" என்றான்.

சாங்தாங்கில் அன்று மதியமே வெளிச்சம் செத்துவிட்டது. மூட்டம் தரையோடு தரையாக வந்தது. குளிரில் போன் அணைந்தது. ஜிபிஎஸ் அம்பு ஒரு சுற்றுச் சுற்றி, எனக்குப் பின்னால் காட்டியபடி நின்றது. காகிதத்தை நம்பி ஊர்ந்தேன்.

வண்டி தானாக அணைந்தது.

மூட்டத்துக்குள் ஒரு கை நீண்டிருந்தது.

அந்த உருவத்தின் ஹெல்மெட் கண்ணாடியில் உறைபனி, உள்பக்கமாக. கையுறையில் அம்மா தைத்த சிவப்பு ஒட்டு. எங்கள் வீட்டுச் சாம்பிராணிப் புகையின் வாடை. காற்று அப்படி அடித்தும் அந்தக் கை அசையவே இல்லை.

"நோமோ..."

தங்கையே என்று என்னை அப்படிக் கூப்பிட உலகில் ஒருவன்தான் இருந்தான்.

"கடைசி ஆள் வந்தாச்சா?"

திரும்பிப் பார்த்தேன். தொலைவில் ரிக்ஸினின் விளக்கு. நெருங்கி வந்தது. பிறகு மெல்ல ஏரிப் பக்கம் திரும்பியது.

இத்தனை மாதம் எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவின் கண்ணீரைத் துடைத்தவன் அவன்.

"அவன் வரமாட்டான் அண்ணா" என்று முனகினேன். "அன்னிக்கும் வரல. நீ போகலாம்."

கை மெதுவாகக் கீழே இறங்கியது.

மூட்டம் விலகியபோது கற்கள்தான் இருந்தன. அவற்றின் அடியில், உருகும் பனிக்குள்ளிருந்து அண்ணன் வண்டியின் ஹேண்டில்பார் நீட்டிக்கொண்டிருந்தது.

முகாம் கூடாரத்தில் ரிக்ஸின் எனக்கு முன்பே வந்து அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"ஏன் இவ்வளவு நேரம்? பிரிவுல யாரும் இல்லையே?"

"இருந்தான். உன்னைத்தான் கேட்டான்."

அவன் முகம் வெளுத்தது. "பனி கொட்டுச்சு தோல்கர்... குறுக்கு வழியில வந்துட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவனே கிளம்பி வந்துடுவான்னு நினைச்சேன்."

"எங்கண்ணனா? நின்ன இடத்தை விட்டுட்டா?" ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். "தெரிஞ்சே அவனைத் திருடனாக்கின. அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையா வரப் பார்த்த. உனக்குச் சோறு எப்படிடா இறங்குச்சு?"



அடுப்பருகே கிடந்த அவன் போன் ஒளிர்ந்தது. இருவருமே அதைத் தொடவில்லை. திரையில் வரைபடம் விரிந்தது. போன் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி முகாமில் இல்லை.

கல்குவியல் பிரிவில் இருந்தது.

"தப்பாக் காட்டுது" என்றான்.

புள்ளி நகரத் தொடங்கியது. பிரிவை விட்டு, ஏரிக்கரை வழியாக, எங்களை நோக்கி.