சம்மதம் கேட்காத வீடு

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் எந்த வீட்டுக் குளியலறைக் கதவும் ஒரு பற்பசை விளம்பரம் ஓடி முடிந்து, நிபந்தனைகளுக்கு 'ஏற்கிறேன்' என்று அழுத்திய பிறகுதான் திறக்கும். செங்கமலத்தின் வீட்டில் அன்று காலை விளம்பரத்தோடு ஓர் அறிவிப்பும் வந்தது. "உங்கள் வீட்டின் சுவர்கள் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் இல்லமூளைக்கு வெள்ளிக்கிழமையோடு ஆதரவு முடிகிறது. தயவுசெய்து புதிய வீடு வாங்கிக்கொள்ளுங்கள்."

காற்று, தண்ணீர், கதவு எல்லாவற்றையும் நடத்தும் கணினிதான் இல்லமூளை. அது நின்றால் செவ்வாயில் மூச்சும் நின்றுவிடும்.

"வேற வீடு பாக்கலாமா?" என்றான் கணவன் தணிகாசலம், தோளில் துண்டோடு.

"கட்டி எட்டு வருஷம்கூட ஆகலைங்க. லினக்ஸ் போட்டுடறேன்" என்றாள் செங்கமலம். அவள் தண்ணீர் ஆலையில் பம்புகளைப் பழுது பார்ப்பவள். ஆலை முழுக்க அந்தக் கட்டற்ற மென்பொருளின் வழித்தோன்றல்களில்தான் ஓடியது.

"ஏதாச்சும் ஆனா யாரைப் போய்க் கேக்கறது?"

"இப்ப யாரைப் போய்க் கேக்கறோம்?"

வியாழன் மாலை பழைய மூளையை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். வீடு செத்துக் கிடந்தது. இருவரும் விண்ணுடையை மாட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் உயிர்பெற்ற பிறகும் காற்றுவிசிறி மட்டும் அசையவில்லை. உடையில் அரைமணி நேரக் காற்றுதான் மிச்சம். குடியிருப்பின் இணைய மன்றத்தில் உதவி கேட்டாள். அவள் போட்டிருப்பது சரியான பதிப்பா இல்லையா என்று பதினோரு பேர் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். பன்னிரண்டாவது ஆள் ஒரே ஒரு வரிக் கட்டளை அனுப்பினான். அதை அடித்ததும் விசிறி சுழன்றது.

மறுநாள் கதவுகள் கிட்டே போனதுமே திறந்தன. குழாயில் தண்ணீர் எதுவும் கேட்காமல் வந்தது. செங்கமலத்துக்குச் சொர்க்கமாக இருந்தது. தணிகாசலமோ திறந்த கதவுக்கு முன்னால் அசையாமல் நின்றான்.

"உள்ள போங்க."

"ஒண்ணுமே கேக்கலையே. போலாமா, கூடாதா?"

மூன்று நாளில் அவன் வாடிப்போனான். சாப்பாடு இறங்கவில்லை. "ஓட்டல்ல தங்கின மாதிரி இருக்கு கமலம். நம்ம வீடுன்னா எதுக்காவது ஒப்புக்கணும்ல" என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளுக்குப் பாவமாகிவிட்டது.

ஞாயிறன்று உட்கார்ந்து ஒரு சின்ன நிரல் எழுதினாள். குளியலறைக் கதவில் இனி நாற்பது பக்க ஒப்பந்தம் ஒன்று வரும். நாற்பது பக்கத்திலும் ஒரே வாக்கியம்தான்: 'இதை நான் படிக்கவில்லை, படிக்கும் எண்ணமும் எனக்கு இல்லை என்று உறுதி கூறுகிறேன்.'

திங்கள் காலை தணிகாசலம் அதை ஒரே தள்ளில் அடிவரை தள்ளி, 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது.

"இப்பதான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்று நிம்மதியாகக் குளிக்கப் போனான். அன்று நான்கு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டான்.

ஆலையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் செங்கமலம். லினக்ஸுக்கு மாறிய வீடுகள் பலவற்றிலும் இதே நோய்தான் என்று தோழிகள் சொன்னார்கள். எல்லோருக்கும் பயன்படட்டுமே என்று மதிய இடைவேளையில் நிரலை, யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய இணையப் பொதுக்கிடங்கில் ஏற்றப் போனாள். கிடங்கு முதலில் தன் நிபந்தனைகளைக் காட்டியது. அறுபத்திரண்டு பக்கம்.

செங்கமலம் ஒரே தள்ளில் அடிவரை போய், 'ஏற்கிறேன்' என்பதை அழுத்திவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.