சாரலில் ஒரு தாகம்

நாலு மாதப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்களின் கால் ஈரம் காயவில்லை. அதற்குள் பிள்ளையின் அப்பன் சுந்தரபாண்டி தன் கூடப்பிறந்த அக்காவைப் போலீசுக்குக் கைகாட்டிவிட்டான்.

"இவதான் மேடம். எந்நேரமும் வெத்தல போடுத கை. சுண்ணாம்பு விரலப் பிள்ள வாயில வச்சிருக்கா. ரத்தத்துல கால்சியம் கன்னாபின்னான்னு ஏறிக் கிட்னி போச்சுன்னு தென்காசி டாக்டர் சொன்னாருல்லா?"

அக்கா பேராச்சி சுவரோரம் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தாள். தனக்கென்று ஒன்று இல்லாமல் தம்பி பிள்ளையே கதியென்று கிடந்தவள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இந்த வீட்டில் அதுவும் பொய்த்துப்போயிருந்தது.

எஸ்.ஐ. சங்கரேஸ்வரி அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"பிள்ளைக்கு என்ன குடுத்திய?"

"தாய்ப்பாலத் தவிர சொட்டுத் தண்ணி குடுக்கல தாயி."

"சுண்ணாம்பு?"

"வாய் வெந்துராதா? நான் என்ன பாவியா?"

சரிதான். பிள்ளை வாயில் புண் எதுவும் இல்லை என்றுதான் டாக்டரும் சொல்லியிருந்தார்.

உள்ளறையில் லோகநாயகி. பெற்றவள். பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. பேசுவதற்கு முன் செம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். மறுபடியும் ஒரு செம்பு. வெளியே சாரலில் குற்றாலமே போர்த்திக்கொண்டு கிடந்தது.

"எப்பமும் இப்படித்தானா?"

"ரெண்டு மாசமாத் தாகம் அடங்க மாட்டேங்கு. சோறு எறங்க மாட்டேங்கு, வயிறும் போகல. பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

சங்கரேஸ்வரிக்குச் சுருக்கென்றது.

"மாத்திரை, டானிக் ஏதும்?"

"கிடையாது. டாக்டர் எலும்புக்குச் சத்துப் பவுடர் எழுதிக் குடுத்தாரு. இங்கிலீஷ் மருந்து சூடு, பால வத்த வச்சிரும்னு நான் தொடவே இல்ல. சாயங்காலம் பூண்டுப்பால் மட்டும். எங்க வீட்டுக்காரவிய லாட்ஜு வேலைல இருந்து வந்ததும் அவிய கையாலயே காய்ச்சித் தருவாவ."

இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது, பாவம்.

சங்கரேஸ்வரி அடுப்படிக்குப் போனாள். குப்பைக் கூடையில் பூண்டுத் தோலைக் கிளறினாள். அடியில் கிழித்த சத்துப் பவுடர் பாக்கெட்டுகள், ஒரு கொத்தாக. தென்காசி டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினாள். பிறகு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து சுந்தரபாண்டி முன்னால் போட்டாள்.

"வைட்டமின் டி. வாரத்துக்கு ஒண்ணுதான் எழுதினாராம். நீங்க?"

அவன் முகம் செத்துப்போனது.

"தெனமும் கலக்குனேன். அவ வேண்டாம்னு சொல்லுவா. பூண்டு வாடையில தெரியாது. சத்துதான மேடம்? கூடக் குடுத்தா ரெண்டு உசுரும் தேறும்னு..."

"சுண்ணாம்புன்னா பிள்ளைக்கு மட்டுந்தான் வந்திருக்கும். கால்சியம் ஏறுனா வர்ற தாகம் தாய்க்கும் வந்திருக்கு. அப்ப அவ வயித்துக்குப் போனதுதான் பால் வழியாப் பிள்ளைக்கும் போயிருக்கு. இந்தச் சத்து அளவு மிஞ்சினா கால்சியத்த ரத்தத்துல ஏத்திரும். உங்க அக்கா இல்ல. நீங்கதான்."

சுந்தரபாண்டி அக்காவின் காலில் விழப்போனான். பேராச்சி காலை இழுத்துக்கொண்டாள்.

இனி யாரைப் பிடித்து உள்ளே வைத்து என்ன ஆகப்போகிறது? லோகநாயகியையாவது ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டும். கூப்பிடலாம் என்று சங்கரேஸ்வரி திரும்பினாள். லோகநாயகி கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"கடைசி நாலஞ்சு நாளா பிள்ள பால் வேண்டாம் வேண்டாம்னு மூஞ்சியத் திருப்புனான் மேடம்," என்றாள். "நாந்தான் விடாம ஊட்டுனேன்."