சவர்க்காரக் குமிழி

காற்றடிக்கும் கொம்பிறசரை நிறுத்திய பிறகும் குமிழி வந்துகொண்டிருந்தது.

பஸ்லான் காரின் பொனட்டுக்குள் குனிந்தபடியே அதைப் பார்த்தான். டர்போ காரில் இழுவை குறைந்தால் திருகோணமலையில் எல்லாரும் அவனுடைய கராஜுக்குத்தான் வருவார்கள். அவனுடைய வைத்தியமும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காற்று உள்ளே போகும் வாயை மூடியால் இறுக்கி அடைப்பான். மூடியில் போட்ட துளை வழியாகக் கொம்பிறசர் காற்றை ஏற்றி, ஹோஸ் குழாய் மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் அடிப்பான். ஒழுக்கு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். அங்கே விரலை வைத்து அழுத்துவான். சீறல் நின்றால் கள்ளன் பிடிபட்டான்.

இன்றைக்கு நிற்கவில்லை. ஒரு மூட்டை அழுத்தினால் அடுத்த மூட்டில் நுரைத்தது. கொம்பிறசரின் காற்றுக் குழாயையே கழற்றிப் போட்டான். தகரக் கூரையில் மார்கழி மழை அடிக்க, துறைமுகப் பக்கமிருந்து டீசலும் ஈரக் கயிறும் கலந்த வாடை உள்ளே வர, அந்தப் பழைய ஜப்பான் காரின் குழாய்களுக்குள் ஏதோ ஒன்று மெல்ல இழுத்து, மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. குமிழி பெருத்தது, சுருங்கியது, மறுபடி பெருத்தது.

“பஸ்லான் நானா, நிக்கிறீங்களோ?”

பஸ்லானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் குடையோடு தேனுகா நின்றாள், செத்துப்போன டிலக்சனின் தங்கை. கையில் துணி சுற்றிய சாப்பாட்டுப் பெட்டி.

“இண்டைக்கு அண்ணாவின்ர ஆண்டுத் திவசம். படைக்க முதலே உங்களுக்கெண்டு புறம்பா எடுத்து வைச்சனான். யோசிக்காமச் சாப்பிடுங்கோ.”

“என்னத்துக்குத் தங்கச்சி இதெல்லாம்?”

“அண்டைக்கு அண்ணாவுக்காக நீங்கள் பட்ட பாட்டை நாங்கள் மறக்கேல்லை, நானா.” காரைப் பார்க்காமலே பெட்டியை மேசையில் வைத்தாள். “இன்னும் சரிவரேல்லையோ?”

“ஓம். எங்கயோ காத்துப் போகுது.”

அவள் போய்விட்டாள். செத்தவனுக்குப் படைக்க முன்னமே, அவனைச் சாகவிட்டவனுக்குச் சோறு வந்திருந்தது.

பட்ட பாடாம்! டிலக்சன் மழையில் பழைய இறங்குதுறையில் இந்தக் காரை வெட்டித் திருப்பப்போய், வழுக்கிக் கடலில் விழுந்ததற்குப் பஸ்லான் காரணமில்லை. அதுவரைக்கும் பஸ்லான் நல்லவன்தான். கடலட்டை பிடிக்க முக்குளிக்கிற ஆட்கள் சேட்டுகளைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்து, “ஆள் உள்ளுக்கோ?” என்று கேட்டார்கள். கார் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஆள் உள்ளேதான் என்று தெரிந்தும் பஸ்லான், தூரத்தில் கட்டியிருந்த படகுகளைக் காட்டி, “இல்லை, வெளியில வந்திட்டான். அங்கால நீந்தினவன்” என்றான். எல்லாரும் அங்கே பாய்ந்தார்கள். அவனும் கூடவே பாய்ந்து, தொண்டை கிழியக் கத்தித் தேடினான்.

வருசக்கணக்காய்த் தன் கையால் பிரித்துப் பூட்டிய கார் அது. அதைக் கொழும்பில் எவனுக்கோ விற்கப்போவதாக டிலக்சன் அன்று காலைதான் சொல்லியிருந்தான். கடலில் விழுந்த காரை அலசிப் பூட்டலாம், ஆள் பிழைத்து வந்தால் கார் கைக்கு வராது என்று அந்த ஒரு நொடியில் யோசித்தானே, பாவி! கண்ணால் பார்க்க ஏலாது என்று அந்தக் குடும்பமே காரைக் கொண்டுவந்து அவனிடம் விட்டது.

சீறல் சட்டென்று அடங்கியது. கார் தன்பாட்டில் கிடந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தவனின் கண் முன்கண்ணாடிக்கு அப்பால், டர்போவின் காற்றழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டரில் பட்டது. சாவி அவன் சட்டைப்பைக்குள். முள் ஏறியது. இறங்கியது. ஏறியது.

மீட்டர் பழுது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாரதி இருக்கையில் ஏறி இருந்து, அதைத் தட்டினான். முள் நிற்கவில்லை. தன்னுடைய மூச்சின் அதிர்வோ என்று மூச்சை அடக்கிப் பார்த்தான். அப்போதும் நிற்கவில்லை.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக.

காலில் குளிர். கீழே பார்த்தான். தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை, பாசி மணந்தது. கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. கண்ணாடியைக் குத்தினான். வெளியே கராஜ் தரை காய்ந்து கிடந்தது. மேசையில் சோற்றுப் பெட்டி.

இடுப்பு. நெஞ்சு. கழுத்து. உப்பு.

“தேனுகா! தங்கச்சி!”

தகரத்தில் மழை மட்டும் கேட்டது. பக்கத்து இருக்கையில் யாரோ ஈரத்தோடு அசைந்து இருந்தார்கள். பஸ்லான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

“எங்கயோ காத்துப் போகுது, நானா.”

தண்ணீர் தலைக்கு மேல் மூடியது. பல்லைக் கடித்து வாயை இறுக்கினான். மூக்கிலிருந்து ஒரு குமிழி. உதட்டோரத்தில் இன்னொன்று. அவை வரிசையாக மேலே போய்க் கூரையில் ஒட்டின.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த விரல் ஒன்று, அவசரமே இல்லாமல், குமிழி கிளம்பும் இடத்தைத் தேடி அவன் முகத்தைத் தடவியது.