பதுங்கறை நாற்காலிகள்

உலக வரலாற்றில் இடம்பெற வேண்டிய ஒரு முடிவை எங்கள் கட்டிடக் குழு எடுத்தது. ஆகவே எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். முடிவு, வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பற்றியது.

இஸ்ரேலின் யாஃபா நகரில் எங்கள் கட்டிடத்துக்கு அடியில் ஒரு பதுங்கறை உண்டு. அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் அங்கே ஓடி, அந்த நாற்காலிகளில்தான் உட்காருவோம். பிறந்த நாள், நிச்சயதார்த்தம் என்றால் அவையே மாடிக்கு வரும். கால் ஆடாத நாற்காலி ஒன்றுகூட இல்லை.

அந்த வாரம் இரண்டு வீடுகளுக்கு ஒரே சமயத்தில் நாற்காலி தேவைப்பட்டது.

இரண்டாம் மாடியில் ஹடாஸ் வீடு. பத்து வயது ஹடாஸின் அண்ணன் ஈத்தாய் படைவீரனாகக் காசாவுக்குப் போயிருந்தான். திங்கட்கிழமை மாலை சீருடை போட்டவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அவன் இறந்துவிட்டான் என்றார்கள்.

மூன்றாம் மாடியில் அவளுடைய தோழி ஜுமானாவின் வீடு. ஜுமானாவின் சித்தி கவ்தர் யாஃபாவில் பிறந்து காசாவில் வாழ்க்கைப்பட்டவள். செவ்வாய்க்கிழமை காலை ஜுமானாவின் அம்மா நஹ்லாவுக்குக் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. சித்தியின் வீட்டின் மேல் குண்டு விழுந்துவிட்டது. சித்தி உள்ளேதான் இருந்தாள்.

கீழே யூதர் வழக்கப்படி ஏழு நாள் துக்கம். மேலே முஸ்லிம் வழக்கப்படி மூன்று நாள். இரண்டு வீட்டிலும் கதவு திறந்தே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

குழுத் தலைவர் பின்காஸ், மாடிப்படி விளக்கை மாற்றுவதற்கே இரண்டு கூட்டம் போடுகிறவர். இதற்கு விடுவாரா? கட்டிடத்தின் வாசலில் உடனே அவசரக் கூட்டம் கூட்டினார்.

யாருக்கு நாற்காலி என்பதுதான் கேள்வி. ஆனால் முதல் மாடிக்காரர், அவர்கள்தானே எல்லை தாண்டி வந்து வீடு வீடாகக் கொன்றார்கள், அவர்களுக்கு எதற்கு நம் நாற்காலி என்றார். நான்காம் மாடிக்காரர், அதற்கு முன்னால் எத்தனை வருஷம் அந்த மக்களை அடைத்து வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் தன் தாத்தா விட்டுவிட்டு ஓடிய வீட்டைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், தன் தாத்தாவும்தான் வேறொரு தேசத்தில் வீட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார் என்றார். பேச்சு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. மூவாயிரம் வருஷம் போய்ச் சேர்ந்தபோது பிளாஸ்டிக்கே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை.

கடைசியில் பின்காஸ் தொண்டையைச் செருமினார். துக்கச் செய்தி யாருக்கு முதலில் வந்ததோ அவர்களுக்கே எல்லா நாற்காலிகளும் என்று தீர்ப்புச் சொன்னார். திங்கள், செவ்வாய்க்கு முன்னால் வருகிறது. இதைவிட நடுநிலை உலகத்தில் உண்டா என்று எல்லோரையும் பார்த்தார்.

எல்லா நாற்காலிகளும் ஹடாஸ் வீட்டுக்குப் போயின.

வீட்டில் ஹடாஸும் அவள் அம்மா ரிவ்காவும் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் காப்பவர்கள் தாழ்வாகத்தான் உட்கார வேண்டும். வழக்கப்படி நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். மதியம் கூட்டம் குறைந்தது. ஹடாஸைச் சுற்றிலும் ஆளில்லாத நாற்காலிகள். அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எழுந்து வெளியே போனாள்.

படிக்கட்டில் மேல்வீட்டுக்கு வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். வயதான ஒரு மாமி காபிக் கோப்பையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. ஜுமானா ஒரு படியில் உட்கார்ந்திருந்தாள்.

ஹடாஸ் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

"உன் அண்ணன் அங்கதானே இருந்தான்?" என்றாள் ஜுமானா.

"அவன் உங்க சித்தியக் கொல்லல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஹடாஸ் யோசித்தாள். "தெரியாது," என்றாள். பிறகு, "உங்க ஆளுங்கதான் அவனக் கொன்னாங்க," என்றாள்.

"எங்க சித்தி யாரையும் கொல்லல."

"அது தெரியும். எனக்குப் பல்லு விழுந்தப்ப போன்ல பாத்துச் சிரிச்சாங்கல்ல."

"உன் அண்ணன் என் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுத்தான்," என்றாள் ஜுமானா. சொல்லிவிட்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

ஹடாஸ் எழுந்தாள். வீட்டுக்குள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கினாள்.

அவளுடைய மாமா மறித்தார். எங்கே கொண்டுபோகிறாய் என்றார். மேலே என்றாள். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. "அவங்களுக்கா?"

"நாம தரையிலதானே உக்காரணும், மாமா? நாற்காலி துக்கம் கேக்க வந்தவங்களுக்குத்தானே? அங்கயும் வந்திருக்காங்க. ஒரு மாமிக்குக் கால் வீங்கியிருக்கு."

மாமா தன் அக்கா ரிவ்காவைப் பார்த்தார். ரிவ்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. மாமா வழிவிட்டார். ஆனால் ஒரு கை கொடுக்கவில்லை. அன்றைக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

முதல் நாற்காலியில் அந்த மாமி உட்கார்ந்தார். அடுத்ததைத் தூக்க ஜுமானாவும் வந்தாள். மூன்றாவதை எடுக்கும்போது பின்காஸ் மூச்சு வாங்கப் படியேறி வந்துவிட்டார்.

"நில்லுங்க. குழுவோட தீர்மானம் என்ன?"

"இதக் கொஞ்சம் பிடிங்க, பின்காஸ் மாமா," என்று ஹடாஸ் ஒரு நாற்காலியை அவர் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

பின்காஸ் தீர்மானத்தின் நியாயத்தை விளக்கிக்கொண்டே பின்னால் போனார். முதல் காரணம் முடிவதற்குள் மூன்றாம் மாடி வந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவே, கையில் நாற்காலியோடு நின்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அந்த நாற்காலியைப் போட்டு அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஜுமானாவின் அம்மா அவருக்கும் காபி கொடுத்தாள். துக்க வீட்டுக் கசப்புக் காபி. ஒரு வாய் குடித்ததும் பின்காஸின் முகம் கோணியது. சர்க்கரை கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னைக்குக் கிடையாதுங்க," என்றாள் நஹ்லா. "என் தங்கச்சி செத்துட்டா."

பின்காஸ் இரண்டாவது காரணத்தைச் சொல்லவில்லை. காபியை முழுவதும் குடித்தார். அவர் பேசாமல் இருந்து நாங்கள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சாயங்காலம் நஹ்லா ஒரு தட்டில் பேரீச்சம்பழம் வைத்து ஜுமானாவிடம் கொடுத்து அனுப்பினாள். கீழே சிலர் எடுத்தார்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ரிவ்கா ஒரு பழத்தை எடுத்தாள். தின்னவில்லை. இருட்டும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

துக்க நாட்கள் முடிந்தன. முதல் மாடிக்காரரும் நான்காம் மாடிக்காரரும் தங்கள் கருத்தை ஓர் அங்குலமும் மாற்றிக்கொள்ளவில்லை. படியில் எதிரெதிரே வந்தால் இருவரும் சுவரைப் பார்ப்பார்கள். ஹடாஸும் ஜுமானாவும் சேர்ந்து பள்ளிக்கூடம் போனார்கள். யார் செய்தது சரி என்று வழியில் சில நாள் சண்டை வரும். அழுகையும் வரும். ஆனால் இன்னொருத்திக்காகக் கீழே காத்திருக்காமல் ஒருத்தியும் கிளம்பியதில்லை.

அடுத்த கூட்டத்தில் பின்காஸ் பழைய குரலைத் திரும்பப் பெற்றிருந்தார். நம் குழுவின் தொலைநோக்கால் இந்தக் கட்டிடம் உலகத்துக்கே வழிகாட்டி ஆகிவிட்டது என்றார். வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கலாம் என்றார். சிலர் கைதட்டினார்கள்.

ஈத்தாய் திரும்பி வரவில்லை. கவ்தர் சித்தியும் வரவில்லை.