தொட்டிப் பால்

பழையதாகப் பார்த்து வாங்கிய, இரும்பு கடையும் லேத்தின் அடித்தொட்டி காலியாகத்தான் வந்து இறங்கியது. தரகர் அதைக் கழற்றிக் கவிழ்த்து, துணியால் துடைத்து, "சொட்டு ஈரமில்ல, பாத்துக்குங்க" என்று காட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் காலையில் அவள் கொட்டகைக் கதவைத் திறந்தபோது தொட்டியின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தேங்கியிருந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பைக் கடையும்போது சூடு தணிய ஊற்றுகிற எண்ணெய்த் தண்ணீர் பார்க்கப் பால் மாதிரிதான் இருக்கும். தேங்கினால் புளிக்கும், நாறும். தெருவே லேத்துக்காரி என்று கூப்பிடுகிறவளுக்கு இது தெரியாததா? பழைய இயந்திரம், குழாய்க்குள் மிச்சம் இருந்திருக்கும் என்று வழித்து வெளியே கொட்டினாள்.

இத்தனை நாளும் மேஜைமேல் வைத்து ஓட்டிய சின்ன லேத்தில் கை நீளத்துக்கு மேல் ஒரு இரும்புத் தண்டைப் பிடிக்க முடியாது. பம்பு ரிப்பேர் கடைகளிலிருந்து பெரிய தண்டு வரும்போதெல்லாம் முடியாது, முடியாது என்று திருப்பி அனுப்பி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. சின்னதைக் கொடுத்துவிட்டு, கொட்டகையின் பின்சுவரை இடித்து, இரண்டு கட்டிலை நீளவாக்கில் ஒட்டிப்போட்டது போலிருந்த இதை உள்ளே ஏற்றினாள். முன்னறையில் தையல் மெஷின் வைத்திருக்கும் அவள் கணவன் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தான்.

"எனக்கு ஒரு ஊசி, உனக்கு ஒரு யானை. பொருத்தம் பாத்துத்தான் கட்டி வச்சிருக்காங்க."

யானை நன்றாகவே உழைத்தது. கடைந்த தண்டில் முகம் பார்க்கலாம். ஆனால் தொட்டி காலியாகவே இருக்க மறுத்தது. ஒவ்வொரு காலையும் அவள் ஊற்றாத பால் அதில் நிறைந்திருந்தது. ஈரத்துணியை யாரோ வாய்க்குள் அடக்கி நாள்கணக்கில் வைத்திருந்து துப்பியதுபோல ஒரு புளித்த நாற்றம் கொட்டகையைத் தாண்டி, நடையைத் தாண்டி, சமையலறைத் தண்ணீர்க் குடம்வரை வந்து உட்கார்ந்துகொண்டது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தாள். வெந்நீர் ஊற்றினாள். அடுத்த காலையில் பால் இன்னும் கெட்டியாக இருந்தது. மேலே மஞ்சள் பாரித்த ஆடை. குனிந்து பார்த்தபோது அவள் மூச்சுக்காற்று பட்டு அந்த ஆடை சுருங்கியது, தொட்டால் சுருங்கும் தோல் மாதிரி. தொட்டிச் சுவரில் கை வைத்தாள். வெதுவெதுப்பு. மோட்டாரை முந்தின நாள் மாலையே நிறுத்தியிருந்தாள்.

ஒருநாள் வடிகுழாய் அடைத்துக்கொண்டது. இரும்புச் சுருள் ஏதாவது சிக்கியிருக்கும் என்று ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். சுருள் இல்லை. உள்ளே மெத்தென்று, வழுவழுப்பாக, வரிவரியாக ஏதோ விரலைச் சுற்றிக்கொண்டது. பிறகு சப்பியது.

கன்றுக்குட்டி சப்புவதுபோல. அவசரமில்லாமல். ஆழமாக.

இழுத்த வேகத்தில் பின்பக்கமாக விழுந்தாள். வருஷக்கணக்கில் நகக்கண்ணில் ஏறியிருந்த கருப்பு முழுவதும் போய், அந்த ஒரு விரல் மட்டும் அவித்து உரித்ததுபோல் வெளுத்திருந்தது. நக நுனி கரைந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தாள்.

"காத்து இழுத்திருக்கும்" என்றான் கணவன், அவள் முதுகைத் தடவியபடி. "பம்பு ஓடிட்டு இருந்துச்சா?"

"இல்லங்க. நிறுத்தித்தான் வச்சிருந்தேன். அதுக்கு உள்ள நாக்கு இருக்கு."

"சரி சரி. நீ அதத் தொடாத. தொட்டிய நான் கழுவிக்கறேன்."

போனவன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தான். முகம் குளித்துவிட்டு வந்தவன்போல் இளகியிருந்தது. "ஒண்ணும் பண்ணல, பாவம். வெதுவெதுன்னு இருக்கு" என்றான்.

அன்றிலிருந்து தினமும் போனான். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போயிருந்த அவன் விரல்கள் வழவழப்பாகி, இளஞ்சிவப்பாகி, ரேகையே இல்லாமல் ஆயின. துணி வழுக்குகிறது என்று சலித்துக்கொண்டான். தைக்கக் கொடுத்த சட்டையை வாங்கிப்போன ஒரு பெண் மறுநாள் அதைக் குச்சியில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து வாசலிலேயே போட்டுவிட்டுப் போனாள். அவனுக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை. அவன் தொட்ட தட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் அவன் கை அவள் கழுத்தில் விழுந்தபோது, பிசுபிசுவென்று அது ஒட்டிக்கொண்டு மெல்லப் பிரிந்தது. அவள் எழுந்துபோய்க் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தாலி கட்டிய கை. அருவருப்பாக இருக்கிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

தரகருக்குப் போன் செய்தாள். லேத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"வீட்ல யாராவது தொட்டிக்குள்ள கை விட்டாங்களாம்மா?"

"ஏன் கேக்கறீங்க?"

"நாளைக்கு மத்தியானம் கிரேனோட வரேன். அதுவரைக்கும் கொட்டகையப் பூட்டிச் சாவிய நீங்களே வச்சுக்குங்க."

பூட்டினாள். மறுநாள் காலை முழுக்கக் கணவன் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தான். ஒரு தையலும் நேராக விழவில்லை. கால் மிதித்துக்கொண்டிருந்தது, கண் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அழுவுது" என்றான்.

"எது?"

"உனக்குக் கேக்கலையா?"

அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. தெருமுனையில் கிரேனின் ஹாரன் மட்டும் கேட்டது. வழிகாட்ட ஓடினாள். நல்ல வெயில். குறுகலான திருப்பத்தில் கிரேன் பின்வாங்கி, முன்வந்து, மறுபடி பின்வாங்கியது. தரகர் இறங்கி நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் கவனித்தாள். வீட்டுக்குள் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

ஓடினாள்.

முன்னறை காலி. நடை காலி. கொட்டகைக் கதவின் கொண்டி பெயர்ந்து தொங்கியது. கீழே அவனுடைய பெரிய கத்தரி, நுனி வளைந்து கிடந்தது.

நாற்றம் ஒரு சுவர் மாதிரி நின்றது. அதற்குள் நுழைந்தாள்.

லேத்தின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். இடதுகைச் சட்டையைத் தோள்வரை நேர்த்தியாக மடித்துவிட்டிருந்தான். கை முழுக்கத் தொட்டிக்குள். வெள்ளை ஆடை அவன் தோளைச் சுற்றி இறுகியும் தளர்ந்தும் மெல்ல அசைந்தது. சப்புகிற சத்தம்.

"மெதுவா வா. இப்பதான் அடங்குது" என்றான்.

அவள் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து முழுபலத்தோடு இழுத்தாள். அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. கை லேசாக, மிக லேசாக வந்தது.

ரத்தம் இல்லை. வெட்டு இல்லை. முழங்கைக்குக் கீழே மெலிந்து மெலிந்து, சப்பித் தீர்ந்த மிட்டாய்போல மழமழவென்று கூராக முடிந்திருந்தது. அதிலிருந்து பால் சொட்டியது. அளவு பார்க்கிறவன்போல் அவன் அதை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பிப் பார்த்தான்.

"வலிக்கவே இல்ல."

தொட்டியின் ஆடை மூடிக்கொண்டது. பிறகு நடுவில் வட்டமாகச் சுருங்கி, திறந்தது. திறந்தபடியே இருந்தது.

அவன் வலதுகைச் சட்டையை மடிக்கப் பார்த்தான். அந்தக் கூர்முனையால் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தான். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பிறகு வலதுகையை அவள் பக்கம் நீட்டினான்.

"இத மட்டும் கழட்டி விடேன்."