ஒரே கூசாவில் வார்த்த சர்பத்

இத்தாவில் இருக்கும் பெண் வாசற்படி தாண்டுவதில்லை. கணவன் இறந்த நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடுதான் இருக்க வேண்டும். ஆகவே அஸீஸா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கேதீஸ்வரி அக்கா, நான் வெளியிலை வரேலாது. நீங்கள் ஒருக்கா வாங்கோ. என்ரை மனிசன் தானாச் சாகேல்லை."

கேதீஸ்வரி முப்பது வருடம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் சொன்னதைத் தமிழிலும் மாற்றி மாற்றியே, யார் எந்தச் சொல்லை எங்கே போட்டார்கள் என்று கவனிப்பது அவருக்குப் பழகிவிட்டது. பொலிஸ் கைவிட்ட இரண்டு மூன்று காரியங்களை அவர் துலக்கியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு. அன்று பின்னேரமே வந்தார். கூடவே, ஓய்வு பெற்ற தபாற்காரர் நீக்கிலாப்பிள்ளையும் சைக்கிளில் வந்து இறங்கினார். கொழும்புத்துறை மனிதர். கேதீஸ்வரி ஒன்று கேட்டால் மூன்று விசாரித்து வருவார்.

அந்நிய ஆண் என்பதால் அஸீஸா உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு, நடந்ததைச் சொன்னாள்.

முத்தலிப் தகர வேலை செய்பவர். வாளி, புனல், மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் அவர் கைவேலை. ஆனால் உயிர் மாஜிக்கில். கலியாண வீடு, பள்ளிக்கூட விழா என்று காசு வாங்காமல் மேடை ஏறுவார். கடைசி வித்தை எப்போதும் ஒன்றுதான். தானே செய்த, மூக்கும் கைபிடியும் வைத்த தகரக் கூசாவிலிருந்து சிறுவர்களுக்கெல்லாம் இரண்டு மிடறாக நன்னாரி சர்பத் வார்ப்பார். பிறகு கூசாவைக் கவிழ்த்து, ஒரு சொட்டும் இல்லை என்று காட்டுவார். அதே வெறுங்கூசாவை நிமிர்த்திப் பித்தளைப் பேணி நிறைய இன்னொரு தரம் வார்த்துத் தான் குடிப்பார். மண்டபம் அதிரும்.

வாசிகசாலை ஆண்டு விழாவிலும் அப்படித்தான் செய்தார். குடித்தார், விழுந்தார், வைத்தியசாலைக்குப் போய்ச் சேரவில்லை. பேணியில் நஞ்சு இருந்தது. கூசாவின் அடியில் ஒட்டியிருந்த சர்பத்தில் ஒன்றும் இல்லை. இருபத்தாறு சிறுவர்கள் குடித்தும் ஒருவருக்கும் தலைவலிகூட வரவில்லை. ஆகவே தன் பேணியில் தானே போட்டுக் குடித்திருக்கிறார் என்று பொலிஸ் முடித்துவிட்டது. மரண விசாரணை அதிகாரியும் அப்படியே எழுதப் போகிறாராம்.

"தற்கொலை எண்டு எழுதினால் அவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை," என்றாள் அஸீஸா. "அஞ்சு வேளையும் தொழுத மனிசன்."

சர்பத்தைக் கலக்கியது யார் என்று கேதீஸ்வரி கேட்டார். கஜானன் என்று பதில் வந்தது. உரும்பிராய் விவசாயி, முத்தலிப்போடு மேடை ஏறுகிறவன். மண்டபத்தில் எல்லோரும் பார்க்க வாளியில் கலக்கிக் கூசாவில் ஊற்றியவன் அவன்தான். கூசாவின் இரகசியத்தைச் சொல்லித்தரச் சொல்லி இரண்டு வருடமாக நச்சரித்தவன். முத்தலிப் மறுத்ததில் போன மாதம் வாய்த்தர்க்கமும் நடந்தது.

நீக்கிலாப்பிள்ளையின் கண் மின்னியது. விவசாயி வீட்டில் நஞ்சுக்கா பஞ்சம் என்றார்.  கூசா மண்டபத்துக்கு எப்படிப் போனது என்று கேதீஸ்வரி கேட்டார்.

காலையில் முத்தலிப் கிணற்றடியில் கூசாவைக் கழுவித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் அஸீஸாவின் தம்பி சப்ரான் சாப்பிட வந்தான். அவள் மீன் பொரித்துக் கொடுத்தாள். போகும்போது சாமான் பெட்டியையும் கூசாவையும் அவன்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கினான். பிறகு பண்டத்தரிப்புக்கு, ஒரு கலியாண வீட்டு நகை கொடுக்கப் போய்விட்டான். தங்க முலாம் பூசும் பட்டறை அவனுக்கு.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சப்ரான் அரிசிப் பையோடு வந்தான். வந்தவர்களுக்கு மரியாதையாகத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ராத்தாவை ஆறுதல்படுத்துங்கள், அவர் நித்திரை கொண்டு ஒன்பது நாள் என்றான். அவன் குரலில் இருந்த ஈரம் அஸீஸாவின் நெஞ்சைத் தொட்டது. தொண்ணூறில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது எட்டு வயதுப் பையனான அவனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள்தான். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் அவனை வளர்த்தவளும் அவள்தான்.

"நான் கடைசி நேரத்திலை கூட இல்லாமப் போனன்," என்றான் சப்ரான். "பண்டத்தரிப்பிலை நிக்கேக்கைதான் போன் வந்தது. மச்சான் அந்தத் தண்ணியைக் குடிச்ச கையோடை விழுந்திட்டாராம் எண்டு சொன்னவை. நான் வரேக்கை எல்லாம் முடிஞ்சுது."

அவன் போன பிறகு கேதீஸ்வரி மாஜிக் சாமான்களைப் பார்க்கக் கேட்டார். நீக்கிலாப்பிள்ளை ஆர்வத்தில் பெட்டியைத் தலைகீழாகவே கவிழ்த்தார். பட்டுக் கைலேஞ்சிகளும் சீட்டுக்கட்டும் சிதறின. கூடவே அடிப்பலகையும் கழன்று விழுந்தது. பலகைக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சிறிய கொப்பியும் நாலாக மடித்த காகிதமும் இருந்தன. கேதீஸ்வரி இரண்டையும் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவற்றைச் சில நாள் வைத்திருக்கலாமா என்று கேட்டார். பிறகு, முத்தலிப்புக்கு ஏதும் நோய் வருத்தம் இருந்ததா என்றார். ஒரு தடிமன் காய்ச்சல்கூட வந்ததில்லை என்றாள் அஸீஸா.

"சரி. இந்தத் துண்டிலை உம்மடை கையெழுத்தை ஒருக்கா வையும்."

ஏன் என்று கேட்காமல் வைத்தாள்.

கடைசியாகப் பொலிஸ் திருப்பிக் கொடுத்திருந்த கூசாவை எடுத்து, குடத்திலிருந்து கோப்பை கோப்பையாகத் தண்ணீர் விட்டார் கேதீஸ்வரி. பதினொன்றாவது கோப்பையில் வழிந்தது. வெளியே பார்த்தால் பதினைந்து கோப்பை கொள்ளும் கூசா. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

ஆறு நாள் கழித்து, நண்பகல் லுஹர் தொழுகை முடிந்த நேரம், கேதீஸ்வரி கஜானனையும் சப்ரானையும் அதே வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வாசற் படலையடியில் சாதாரண உடுப்பில் ஒரு பொலிஸ் சார்ஜன்ட் நின்றார். அஸீஸா திரைக்குப் பின்னால் பாயில் இருந்தாள். அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

கேதீஸ்வரி நிதானமாகத் தொடங்கினார். கூசாவுக்குள் இரண்டு அறைகள் இருந்தன. பெரிய அறையில் சர்பத். கைபிடிக்குக் கீழே ஓர் ஊசித்துளை. அதைப் பெருவிரலால் மூடிக்கொண்டால் சின்ன அறையில் இருப்பது வெளியே வராது; விரலை எடுத்தால் வரும். வெறுங்கூசாவிலிருந்து சர்பத் வருகிற வித்தை அதுதான். சின்ன அறையை நிரப்ப அடியில் ஒரு திருகாணி. பொலிஸார் பெரிய அறையைத்தான் சோதித்தார்கள். இப்போது சின்ன அறையையும் சோதித்தாகிவிட்டது. நஞ்சு அதற்குள் இருந்தது.

"முத்தலிப்பின்ரை கையாலையே முத்தலிப்புக்கு நஞ்சு வார்க்க வைச்சிருக்கினம்," என்றார். "செய்த ஆள் மண்டபத்திலை நிக்கத் தேவையில்லை."

கஜானனின் கால்கள் பின்வாங்கின. தனக்கு அந்த அறை பற்றித் தெரியாது, தெரிந்திருந்தால் ஏன் இரண்டு வருடம் கெஞ்சுகிறேன் என்றான். அது உண்மைதான் என்றார் கேதீஸ்வரி. அவன் சர்பத் ஊற்றியது எல்லோருடைய கண்முன்னாலும். அதன் பிறகு கூசா மேடையை விட்டு இறங்கவில்லை. காலையில் முத்தலிப் சின்ன அறையை நிரப்பினார். அதற்கும் மண்டபத்துக்கும் இடையில் கூசாவோடு தனியாக இருந்தவர் ஒருவர்தான்.

"நான் கொண்டுபோய் வைச்சனான், அவ்வளவுதான்," என்றான் சப்ரான். "உதுக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்கென்ன தெரியும்?"

"தம்பி, மண்டபத்திலை இருந்த முப்பத்தொரு பேரிட்டை நீக்கிலாப்பிள்ளை கேட்டவர். கடைசியா அவர் என்ன குடிச்சவர் எண்டு. முப்பத்தொரு பேரும் சர்பத் எண்டுதான் சொன்னவை. பித்தளைப் பேணி, உள்ளுக்கு என்ன நிறம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உமக்குப் போன் எடுத்தவரிட்டையும் கேட்டனாங்கள். அவரும் சர்பத் எண்டுதான் சொன்னவராம். நீர் மட்டும்தான் தண்ணி எண்டு சொன்னனீர்."

"வாய் தவறியிருக்கும்."

"தவறேல்லை. அது தண்ணிதான்." கேதீஸ்வரி அந்தச் சிறிய கொப்பியை எடுத்தார். "கிளினிக் கொப்பி. அவருக்கு மூண்டு வருசமாச் சீனி வருத்தம். மனிசி பயப்படுவா எண்டு வீட்டிலை சொல்லேல்லை. சர்பத் குடிக்கேலாது, வித்தையையும் விடேலாது. அதாலை சின்ன அறையிலை பச்சைத் தண்ணி. அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய ஆள் எண்டு இதிலை உம்மடை பேர்தான் இருக்கு. வருத்தத்தையும் கூசாவின்ரை இரகசியத்தையும் அவர் நம்பிச் சொன்னது உமக்கு மட்டும்."

 மூன்று வருடம் ஒரே பாயில் படுத்த மனிதனின் நோய் அஸீஸாவுக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரியும்.

திரைக்கு அடியால் அந்த நாலாக மடித்த காகிதம் உள்ளே வந்தது. "பாரும் அஸீஸா. இது உம்மடை கையெழுத்தோ?"

காணிப் பதிவகத்திலிருந்து எடுத்த விற்பனை உறுதிப் பத்திரத்தின் பிரதி. உம்மா அவளுக்குச் சீதனமாக எழுதிய வீடு. இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் அவளே விற்றதாக இருந்தது. அப்போது அவள் புத்தளத்தில் இருந்தாள். கீழே 'அசீசா' என்று ஒப்பம். அவள் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை. 'ஸ' போட்டுத்தான் எழுதுவாள்.

அந்த வீட்டில் இருப்பவர்கள் எழும்ப மறுக்கிறார்கள், வழக்கு நடக்கிறது என்று சப்ரான் பத்து வருடமாகச் சொல்லிவந்தான். தவணைக்குத் தவணை போய்வந்து, நீதவான் என்ன சொன்னார் என்றுகூடச் சொல்வான். ஒவ்வொரு தவணைக்கும் அவள் நோன்பு பிடித்தாள். ஊர் திரும்பியும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தன் வீட்டுத் தெருவால் போவதைத் தவிர்த்தாள்.

"வழக்கே இல்லை," என்றார் கேதீஸ்வரி மெதுவாக. "முத்தலிப் வழக்கு இலக்கம் தேடிப் போனவர். இது கிடைச்சது. வெள்ளிக்கிழமைக்குள்ளை ராத்தாவிட்டை நீயே சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன் எண்டு, தம்பி, உம்மட்டைச் சொன்னவர். கஜானன் உம்மடை பட்டறைக்கு வந்தபோது காதாலை கேட்டிருக்கிறான், என்ன விசயம் எண்டு தெரியாமல். முத்தலிப் செத்தது வியாழக்கிழமை. முலாம் பூசுறதுக்குப் பாவிக்கிற சயனைட் நஞ்சை வெளியிலை வாங்கப் போகவேண்டிய தேவையும் உமக்கில்லை."

 சப்ரானின் கால்கள் திரைப்பக்கம் திரும்பின.

"ராத்தா, மச்சான் சொல்லியிருந்தா உங்கடை முகத்தை என்னாலை பாத்திருக்கேலாது. அதுக்குத்தான்."

 அவள் திரையை விலக்கவில்லை. சார்ஜன்ட்டின் சப்பாத்து உள்ளே வந்தது, பிறகு எல்லாக் கால்களும் போயின.

கேதீஸ்வரி மட்டும் உள்ளே வந்து பாயில் இருந்தார்.

"இவர் ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள் அஸீஸா. "வருத்தத்தையும் சொல்லேல்லை, வீட்டையும் சொல்லேல்லை."

"தம்பியை நீர் இழக்கக்கூடாது எண்டு நினைச்சிருப்பார். அவனாச் சொன்னால் நீர் மன்னிப்பீர் எண்டு."

"ரெண்டு பேரும் சேந்து நான் ஒண்டையும் தாங்கமாட்டன் எண்டு முடிவெடுத்தவை. என்னைக் கேக்கேல்லை. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இண்டைக்கு இவர் இருந்திருப்பார்."



மறுநாள் காலை சப்ரானின் மனைவி றிஹானா வந்தாள். இரவு முழுவதும் அழுத முகம். சப்ரானின் சட்டத்தரணி சொல்லியனுப்பினாராம்: முத்தலிப் கொஞ்ச நாளாக மனமுடைந்து இருந்தார் என்று அஸீஸா ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"சொல்லமாட்டன்," என்றாள் அஸீஸா. "அவர் சந்தோசமா இருந்தவர். அதைத்தான் சொல்லுவன்."

றிஹானா தலையாட்டினாள். அந்தப் பதிலுக்காகவே வந்தவள் போல இருந்தது. போக எழும்பியவள் கதவில் கைவைத்து நின்றாள்.

"மதினி, எனக்கும் வழக்கெண்டுதான் சொன்னவர். ஒவ்வொரு தவணைக்கும் நான்தான் வெள்ளைச் சேட்டை இஸ்திரி போட்டு மினுக்கிக் குடுத்தனான்."

 அஸீஸா பாயில் ஓரமாக நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டாள்.